கலுங்குக்குக் கீழே ரெண்டு பெட்ரூம்

யோசனை கேக்க வந்திருக்கியாக்கும்? சந்தோசம் மாப்ளே. சென்னைக்குள்ள வாடகைக்குப் போகவா, சென்னைக்கு வெளிய சொந்தமா வாங்கவான்னு இந்தக் கம்மாக்கரைச் சம்சாரிகிட்ட வந்து கேக்கணும்னு ஒனக்குத் தோணுச்சு பாத்தியா, அதுக்கே ஒன்னை மெச்சணும். காலேஜுல என்ன படிக்கன்னு மாமன்கிட்டக் கேக்கல. வேலையில சேரவான்னு கேக்கல. பொண்ணு பாத்து, பேசி முடிச்சு, மண்டபம் புடிச்ச பெறகுதான் எனக்குத் தாக்கலே வந்துச்சு. வீட்டுக்கு மட்டும் மாமன் புத்தி தேவைப்படுது. புஞ்சை கூட்டுப் பட்டாவுல கெடக்குதுல்ல, அதான். இருக்கட்டும், அதுக்குப் பெறகு வருவோம். மொதல்ல அந்த முடிச்சூர் பிளாட்டுக் காயிதத்தைக் காட்டு.

அடேயப்பா! கல்யாணத் தரகன் கொண்டாற போட்டோ கணக்காவுல்ல இருக்கு, வழுக்கை தெரியாம எடுத்திருக்கான். அஞ்சு மாடி, பச்சைப்பசேல்னு புல்லு, புல்லு மேல ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை ஓடுது. முடிச்சூர்ல எங்கன புடிச்சான் இந்தப் பிள்ளையை? நீச்சல் குளம் வேற. கார்த்திகை பொறந்தா அந்தப் பக்கம் அது தானாவே வந்துருமே, இவன் எதுக்குச் செலவழிச்சுத் தோண்டுறான்னு கேக்கலாம்னு பாத்தேன். வேண்டாம், விடு. ‘தாம்பரத்திலிருந்து 15 நிமிடம்’னு கொட்டை எழுத்துல போட்டிருக்கான். எத்தனை மணிக்கு 15 நிமிசம்னு போடலியே? ராத்திரி ரெண்டு மணிக்கு யாரு வேணும்னாலும் 15 நிமிசத்துல வந்துரலாம். அதுவும் தாம்பரம் வரைக்கும்தான். ஒன் ஆபீசு சோழிங்கநல்லூர்ல, கிழக்க. ஒம் பொண்டாட்டிக்கு வேலை அம்பத்தூர் எஸ்டேட்டுல, வடமேக்க. வீடு தெக்க. விடியக்காலம் ஆளுக்கொரு திக்கா ஓடி, ராத்திரி ஒன்பது மணிக்கு வந்து விழுந்து, ஞாயித்துக்கெழமை என்னைக்கு வரும்னு விரலை மடக்கிக்கிட்டு இருக்கறதுக்குப் பேருதான் குடித்தனம்னா, நான் குறுக்க நிக்கல.

ஒண்ணு சொல்லணும். சென்னைக்குள்ள இருந்தா இனிமே சரிப்படாதுன்னு மொதல்ல கெளம்பினது மனுசன் இல்லை, மிருகம். எங்க காலத்துல பட்டணம் போனா ரெண்டு காலேஜு பாக்காமத் திரும்ப மாட்டோம். சென்ட்ரல் பக்கத்துல மூர் மார்க்கெட்டை ஒட்டி மிருகக்காட்சி சாலை இருந்துச்சு, அது உயிர் காலேஜு. எழும்பூர் மியூசியம் செத்த காலேஜு. 1985-ல சிங்கம், புலி, கரடின்னு அம்புட்டையும் வண்டலூர் காட்டுக்கு மாத்திட்டாக. ஆக, உயிரோட இருந்தது புறநகருக்குப் போயிருச்சு. செத்தது இன்னைக்கும் எழும்பூர்லயேதான் இருக்கு. இதை வெச்சே நீ ஒரு முடிவுக்கு வரலாம். ஆனா புலிக்கு அம்பத்தூர்ல வேலை கெடையாது, அதையும் சேத்து நெனைச்சுக்கோ.

அதுவுமில்லாம, எது ஊருக்குள்ள, எது ஊருக்கு வெளியங்கறது எனக்கே இப்பப் புடிபடல. 2011-ல மாநகராட்சி எல்லையை 174 சதுர கிலோமீட்டர்லருந்து 426-ஆ இழுத்தாக. 2021-ல தாம்பரமே தனி மாநகராட்சி ஆயிருச்சு. 2022-ல பெருநகரத் திட்ட எல்லையை 1,189-லருந்து 5,904 சதுர கிலோமீட்டருக்கு நீட்டிட்டாக, அரக்கோணம் பக்கம் வரைக்கும் போயிருச்சு. 2023 கடைசியில கிளாம்பாக்கத்துல பஸ் ஸ்டாண்டைத் தொறந்து வெச்சாக. நம்ம பக்கத்து பஸ்ஸை அங்கன நிறுத்தி, ‘சென்னை எறங்கு’ங்கான் கண்டக்டர். எறங்கிப் பாத்தா சென்ட்ரல் இன்னும் 30 கிலோமீட்டருக்கு அங்கிட்டு இருக்கு. இவுக போற வேகத்துக்கு, நீ பேசாம இங்ஙனயே கெட. கோவில்பட்டியும் புறநகராயிரும், ஒனக்கு லாரி வாடகை மிச்சம்.

சரி, ஊருக்குள்ளயே இருப்போம்ங்கிறியா? இரு. பத்து மாச வாடகையை அட்வான்ஸாக் கேப்பாக. வீட்டுக்காரம்மா ஆணி அடிக்காதம்பா, கருவாடு வறுக்காதம்பா, சொந்தக்காரவுக வந்தா எத்தனை நாளும்பா. அந்தச் சொந்தக்காரன் நாந்தான், அதையும் மனசுல வெச்சுக்கோ. காலையில மோட்டார் போடற நேரத்துக்கு நீ எந்திரிக்கலைன்னா பல்லுத் தேய்க்க கேன் தண்ணி. 2019-ஐ மறந்துட்டியா? பூண்டி, புழல், சோழவரம், செம்பரம்பாக்கம், நாலு ஏரியும் வத்தி, தரை பாளம் பாளமா வெடிச்சுக் கெடந்துச்சு. ஜோலார்பேட்டையிலருந்து வில்லிவாக்கத்துக்குத் தண்ணி ரயில்ல போச்சு மாப்ளே. ஒரு நடைக்கு 50 வேகன், 25 லட்சம் லிட்டர். மனுசன் வெயிட்டிங் லிஸ்டுல தொங்கிக்கிட்டுக் கெடக்கான், காவேரித் தண்ணி சொகுசா ரயிலேறிப் பட்டணம் பாக்கப் போவுது. ஒங்க ஓ.எம்.ஆர். கம்பெனிகள்ல சிலது, ‘வீட்டுலருந்தே வேலை பாருங்க’ன்னு சொல்லிச்சாம். ஆபீசுல தண்ணி இல்லைன்னா வீட்டுல மட்டும் பாலாறு ஓடுதாக்கும்?

இதே ஊருதான் 2015-ல முங்கிச்சு. நாலு வருசத்துக்குள்ள முங்கவும் செஞ்சு, தண்ணியில்லாமத் தவிக்கவும் செஞ்சுச்சு. நம்ம ஊர்க் கம்மாயில இப்படி ஆச்சுன்னா நீர்ப்பாய்ச்சியைக் கூப்பிட்டு வெச்சு என்ன கேப்போம்? தேங்குற எடத்தை எவன் அடைச்சான், போற வழியை எவன் மறிச்சான்னு கேப்போம். அங்கன அதைக் கேட்டா பாதிப் பேரு பத்திரத்தை எடுத்துக் காட்ட வேண்டி வரும். அதான் யாரும் கேக்கல.

முடிச்சூருங்கியே, அதைச் சொல்றேன் கேளு. எம் மூத்தவ அங்கன மனை வாங்குறப்ப நானும் கூடப் போயிருந்தேன். செங்கல்லு ஊணி, கொடி நட்டு, பந்தல் போட்டு கலர் குடுத்தான் புரோக்கரு. நான் சும்மா இருக்க மாட்டாம, ‘ஏரி எங்கன இருக்கு, கலங்கல் எந்தப் பக்கம் பாயும் தம்பி?’ன்னு கேட்டேன். நம்ம கலுங்குக்கு அந்தப் பக்கம் கலங்கல்னுதான் சொல்றாக. அவன் சொல்றான், ‘நீங்க கலங்காதீங்க சார், நான் இருக்கேன்.’ 2015 டிசம்பர்ல அவன் இல்லை. கடக்கரையிலருந்து மீன்புடிக்கிறவுக படகைக் கொண்டாந்துதான் எம் மகளையும் பேரப்பிள்ளையையும் மாடியிலருந்து எறக்கினாக.

எல்லாரும் அப்ப செம்பரம்பாக்கத்தைத்தான் திட்டினாக. அங்கன 29,000 கனஅடி தொறந்தது நெசந்தான். ஆனா மடை தெரிஞ்சவன் அப்படி ஒட்டுமொத்தமாத் திட்ட மாட்டான். செம்பரம்பாக்கத்து உபரித் தண்ணி திருநீர்மலைக்குப் பக்கத்துல வந்துதான் அடையாத்துல சேருது. முடிச்சூரு, வரதராஜபுரமெல்லாம் அதுக்கு மேல இருக்கு. மேல இருக்கறவனைக் கீழ சேர்ற தண்ணி எப்படி முக்கும்? அவுகளை முக்குனது ஆதனூர், மணிமங்கலம் அந்தப் பக்கத்து ஏரிக நெறைஞ்சு வழிஞ்ச தண்ணி. மேலேரி நெறைஞ்சா கலுங்கு வழியாக் கீழேரி, அது நெறைஞ்சா ஓடை, ஓடையிலருந்து ஆறு. அந்த ஓடையில வீட்டைக் கட்டி வாசல்ல கோலமும் போட்டு வெச்சா, தண்ணி கோலத்தைச் சுத்திப் போகுமாக்கும்? செம்பரம்பாக்கத்துத் தண்ணி எங்க போச்சுங்கியா? சைதாப்பேட்டை, கோட்டூர்புரம். சுத்தமான பட்டணம். நீ எதுக்குள்ள போயி ஒளியலாம்னு பாக்கிறியோ, அதே பட்டணம்.

இதுல வேடிக்கை என்னன்னா, ‘ஏரியில போயி வீடு கட்டினா இப்படித்தான்’னு முடிச்சூர்க்காரனைப் பாத்து ஊருக்குள்ள இருக்கவுக சிரிக்காக. எங்கன உக்காந்து சிரிக்காக? தி.நகர்ல உக்காந்து. நுங்கம்பாக்கத்துலருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரைக்கும் நீட்டமா ஒரு ஏரி கெடந்துச்சு மாப்ளே, படகுப் போட்டி வுடுற அளவுக்கு. 1920-கள்ல அதை வத்தவெச்சுத்தான் தி.நகர் மனையே போட்டாக. 1976-ல தொறந்த வள்ளுவர் கோட்டம் இருக்குல்ல, அது நுங்கம்பாக்கம் ஏரி இருந்த எடம். ஏரி உள்வாய்க்குள்ள முந்திப் போயி எடம் புடிச்சவனுக்குப் பட்டணத்துக்காரன்னு பேரு, பிந்திப் போனவனுக்குப் புறநகர்க்காரன்னு பேரு. முந்திப் போனவனுக்குச் சேலைக்கடையும் நகைக்கடையும் வந்துருச்சு, பழசு மறந்துபோச்சு. ஒன் ஆபீசு பக்கமாவது யோக்கியமான்னா, பள்ளிக்கரணைச் சதுப்பை ஒரு பக்கம் குப்பையக் கொட்டித் தூத்தாக, இன்னொரு பக்கம் கட்டடம் கட்டித் தூத்தாக. மிச்சத்தை 2022-ல ராம்சார் பட்டியல்ல சேத்து, உலகத்துக்கே முக்கியமான ஈரநிலம்னு மரியாதை பண்ணிட்டாக. மறு வருசம் மிக்ஜாம் புயல்ல வேளச்சேரி, பள்ளிக்கரணைத் தெருவெல்லாம் ஈரநிலமா மாறி, நாங்களும் முக்கியம்தான்னு நாலு நாளு நின்னு காட்டிச்சு.

இப்ப புஞ்சைக்கு வருவோம். ரெண்டு ஏக்கர் கரிசல். ஒங்க அம்மைக்குச் சேர வேண்டியது, நான் குறுக்கச் சொல்லல. அதை வித்து முன்பணம், மிச்சத்துக்கு 20 வருசம் பேங்க் கடன். சரி, அங்கன நமக்கு எம்புட்டு மண்ணு வருதுன்னு பாத்தியா? இதுல பொடி எழுத்துல போட்டிருக்கான் பாரு, யூ.டி.எஸ். 380 சதுர அடி. ஒரு சென்ட்டுங்கறது 435 சதுர அடிக்கு மேல. அப்ப ஒரு சென்ட்டு கூட இல்லை. அதுவும் பிரிக்காத பங்கு. லிப்டுக்குக் கீழ கொஞ்சம், மாடிப்படிக்குக் கீழ கொஞ்சம், செக்யூரிட்டி நாக்காலிக்குக் கீழ கொஞ்சம். 200 சென்ட்டைக் குடுத்துட்டு ஒரு சென்ட்டுக்கும் கொறைவா வாங்கறதுக்குப் பேரு முன்னேத்தம்னு காலேஜுல சொல்லிக் குடுத்தாகளாக்கும்? மானாவாரியில ஒண்ணும் வெளையலைம்ப. வாஸ்தவந்தான். ஆனா அது மாசாமாசம் அஞ்சாந்தேதி மெயின்டனன்ஸ் கேக்கலியே.

வேண்டாம்னு நான் சொன்னேனா? சொல்லல. வீடு பாக்கத் தெரிஞ்சு பாருங்கேன். வெயில்ல போயி மனை பாக்கறவன் பாதி குருடன். மழை விட்ட மறுநாள் போ. புரோக்கரைக் கூட்டிட்டுப் போகாத. தெருமுக்குல துணி தேய்க்கிற அம்மாகிட்ட, டீக்கடைக்காரர்கிட்ட கேளு. அவுகளுக்குக் கமிசன் இல்லை. காம்பவுண்டுச் சுவத்துல இடுப்பு உசரத்துக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடிச்சிருந்தா, எதுக்கு இடுப்போட நிறுத்துனாகன்னு யோசி. மின்சாரப் பெட்டியை ஆளுசரத்துக்கு மேல தூக்கி வெச்சிருந்தா அந்தத் தெருவுக்கு ஒரு கதை இருக்கு. தாலுகா ஆபீசுல கிராம வரைபடத்தையும் அ-பதிவேட்டையும் பாரு. ஒன் சர்வே நம்பர் புஞ்சைன்னு இருக்கும், அதுல பொய் இருக்காது. பக்கத்து நம்பர் ஏரியா, ஓடைப் புறம்போக்கான்னு பாரு. காலம்பூரா ஒனக்குப் பக்கத்து வீட்டுக்காரன் அதுதான்.

அதுக்கும் முன்னால, ரெண்டு மழைக்காலம் வாடகைக்கு இருந்து பாரு. பல்லாவரம், குரோம்பேட்டைப் பக்கம் மின்சார ரயில் பாதையை ஒட்டி ஒரு வீடு. பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் 1931-லருந்து அந்த மின்சார ரயிலு ஓடுது, எந்த புரோக்கரும் ‘விரைவில் வருகிறது’ன்னு சொல்லி அதை விக்க முடியாது. நீ ரேடியல் ரோட்டைப் புடிச்சு ஓ.எம்.ஆர். போயிரு. அந்தப் பிள்ளை பார்க் ஸ்டேசன்ல எறங்கி, ரோட்டைத் தாண்டி, அரக்கோணம் வண்டியில ஏறுனா அம்பத்தூர். சுத்துதான், இல்லைங்கல. அவளுக்குப் பக்கமா வில்லிவாக்கத்துல பாத்துட்டு நீ அலைஞ்சாலும் எனக்குச் சம்மதம்.

என்ன முழிக்க? அவளைக் கேக்கணும்னு இப்பத்தான் ஞாபகம் வருதாக்கும். நேத்துச் சாயங்காலம் நானே போன் போட்டுப் பேசிட்டேன். ‘முடிச்சூரா? எனக்கு ஒண்ணும் தெரியாதே பெரியப்பா, மாடல் பிளாட்டு போட்டோவை வாட்ஸ்அப்புல அனுப்புனாக, அம்புட்டுதான்’னு சொல்லுது. ரெண்டு பேரு சம்பளத்துல கட்டப்போற கடன். ஒருத்தி இன்னும் வாசப்படியைக் கூட மிதிக்கல, நீ இங்ஙன வந்து என் கையெழுத்துக்குப் பேனா நீட்டுற.

பேனாவைப் பைக்குள்ள வையி. கார்த்திகை பொறந்து மழை நல்லாப் புடிச்ச பெறகு நெல்லை எக்ஸ்பிரஸ்ல டிக்கெட் போடு, கீழ் பெர்த்தா. ஒங்க அத்தையும் வருவா, கருவாடும் வரும், வீட்டுக்காரம்மாகிட்ட இப்பவே சொல்லி வெச்சிரு. நானே அந்த மனையில எறங்கி, தண்ணி எங்கன நிக்கி, எங்கிட்டுப் போவுதுன்னு பாத்துக்கிடுதேன். ரயிலை விட்டு எறங்குறது தாம்பரத்துலயா எழும்பூர்லயாங்கறதை மட்டும் ஒம் பொண்டாட்டிகிட்டக் கேட்டுச் சொல்லு.