வீட்டு வண்டிச் சாஸ்திரம்: மலைக் காண்டமும் நகரக் காண்டமும்

1. பொருள் வரையறை

வீட்டை விட்டு வெளியேறுவதற்கு மனிதன் ஆதிகாலந்தொட்டு எத்தனையோ முகாந்தரங்களைக் கண்டுபிடித்திருக்கிறான் எனினும், வெளியேறும்போது வீட்டையும் உடன் கொண்டுபோய்விட வேண்டும் என்னும் அபிலாஷையை அமெரிக்க ஜனங்களைப் போல் இத்துணைச் சிரத்தையுடன் நிறைவேற்றிக்கொண்டவர் பிறர் இலர். அவர்கள் ஆர்.வி. என்று சுருக்கி வழங்கும் அவ்வாகனத்தை இவ்வாராய்ச்சியில் வீட்டு வண்டி என்றே குறிப்போம். அதில் தானே ஓடும் இனத்துக்கு ஏ, பி, சி என மூன்று வகுப்புகள் உண்டு. அவற்றுள் ஏ வகுப்பில் பெரியது, 45 அடி வரை நீளமும், 8½ அடி அகலமும், ஏறத்தாழ 15 டன் எடையும் உடையதாய், படுக்கையறை, சமையலறை, குளியலறை ஆகிய சகல அங்கங்களும் பொருந்தப் பெற்று, போதாக்குறைக்குப் பின்னால் ஒரு காரையும் இழுத்துக்கொண்டு செல்லும் இயல்பினது.

இதே எடையுள்ள லாரியைச் செலுத்த விரும்புகிறவனுக்குத் தனிப் பரீட்சையும் தனி உரிமமும் விதித்திருக்கும் சட்டம், பெரும்பாலான மாநிலங்களில், வீட்டு வண்டிக்குச் சாதாரணக் கார் உரிமமே போதும் என்று விட்டுவிட்டது. தன் கட்டிலையும் தலையணையையும் ஏற்றிக்கொண்டு போகிறவன் நிதானமாகவே போவான் என்பது சட்டமியற்றினோர் கருத்துப் போலும்.

ஆராய்ச்சியின் எல்லை விரிந்துவிடாதிருக்கும் பொருட்டு, கொலராடோவின் ராக்கி மலைத்தொடரில் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதையிலிருந்து டென்வர் நகரம் வரை, 70ஆம் எண் நெடுஞ்சாலையில் சுமார் 60 மைல் தூரத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

2. முன்னோர் வழக்கு

இவ்வழக்கம் நேற்று முளைத்ததன்று. 1915இல் ரோலண்ட் காங்க்ளின் என்னும் பஸ் உற்பத்தியாளர், 25 அடி நீளமும் 8 டன் எடையும் கொண்ட வண்டியொன்றைத் தமக்கெனச் செய்வித்து, குடும்ப சமேதராய் நியூயார்க் மாநிலத்திலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குப் புறப்பட்டார். அதில் சமையலறையும் குழாய்த் தண்ணீரும் மறைவான புத்தக அலமாரியும் இருந்தமையோடு, கூரைமேல் ஒரு தோட்டமும் இருந்தது. நல்ல சாலைகள் அரிதாயிருந்த அக்காலத்தில் தோட்டத்தோடு ஒருவர் கண்டத்தைக் கடந்தார் என்றால், பின்வந்தோர் குளிர்சாதனப் பெட்டியை விட்டுவர மறுப்பதில் வியப்பொன்றும் இல்லை.

3. மலைக் காண்டம்

கடல் மட்டத்திற்கு மேல் 11,158 அடி உயரத்தில் இருக்கும் சுரங்கத்தின் மேற்கு வாயிலை அடைவதற்குள், டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் ஆயிரம் அடிக்கு நூற்றில் மூன்று பங்கு வீதம் தன் பலத்தை இழந்து, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைக் காற்றிலே தொலைத்துவிட்டு முனகுகிறது. சமையலறை அலமாரியில் இருக்கும் உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலங்களோ, வெளிக்காற்றின் அழுத்தம் குறையக் குறைய உப்பிப் பருத்து, கதவைத் தாமே திறந்துகொண்டு வெளியே எட்டிப் பார்க்கின்றன. எஞ்சின் இளைக்கும் இடத்தில் பொட்டலம் கொழுக்கிறது என்பது இக்காண்டத்தின் முதல் சூத்திரம்.

ஆயினும் ஏற்றம் அபாயமன்று. அது வெறும் அவமானம். வலக்கோடித் தடத்தில் ஊர்ந்துகொண்டு, பின்னால் வருவோரின் சாபங்களை ஏற்றுக்கொண்டால் போதும். அபாயம் இறக்கத்திலேயே இருக்கிறது. டென்வர் 5,280 அடி உயரத்தில் இருப்பதால், 15 டன் எடை ஏறத்தாழ 5,900 அடி கீழிறங்க வேண்டும். அவ்வாறு இறங்குகையில் வெளிப்படும் சக்தி முழுவதையும் திரட்ட முடியுமானால், 700 லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம் என்பது கணக்கு. காற்றும் சக்கரங்களும் அதில் ஒரு பங்கைத் தின்றுவிட, மிச்சத்தை எஞ்சினோ பிரேக்கோ ஏற்றுக்கொண்டாக வேண்டும். தாழ்ந்த கியரில் இறங்கினால் எஞ்சின் ஏற்கும். உயர்ந்த கியரில் இறங்கி, பிரேக்கின்மேல் காலை வைத்தபடியே வந்தால், பிரேக் சூடேறிச் சூடேறி, கடைசியில் எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காத வைராக்கிய நிலையை எய்திவிடும். ஆகையால் அழுந்த மிதித்து வேகத்தைக் குறைத்து, பின் காலை முற்றிலும் எடுத்து, வேகம் மீண்டும் ஏறியபின் மறுபடி மிதிப்பதே அறிந்தோர் விதி.

இவ்விடத்தில் ஒரு பெரிய தர்க்கப் பிரச்சினை எழுகிறது. மலை நெருப்புடையது, புகையுடைமையால். எங்கெங்குப் புகையுண்டோ அங்கங்கு நெருப்புண்டு, அடுக்களையிற்போல என்பது தர்க்கம் பயிலும் மாணவன் முதன்முதலில் மனனம் செய்யும் அனுமானம். இவ்வனுமானம் இத்தனை காலமும் பழுதின்றி நடந்துவந்ததற்குக் காரணம், மலை ஓரிடத்திலும் அடுக்களை வேறோரிடத்திலும் இருந்தமையே. வீட்டு வண்டியோ அடுக்களையை மலைமேலேயே ஏற்றிவிட்டது. பட்சமாகிய மலையும் திருஷ்டாந்தமாகிய அடுக்களையும் ஒன்றாய் வந்துவிட்டன. எனவே வளைவொன்றில் திடீரென்று கருகல் நாற்றம் எழும்போது, சாரதி அது அடுப்பிலிருந்து வருகிறது என்று அனுமானித்துப் பக்கத்து ஆசனத்திலிருக்கும் மனைவியை நோக்குகிறான். அவளோ, காலையிலேயே அணைத்த அடுப்பு இப்போது எப்படிக் கருகும் என்று அவன் பாதத்தை நோக்குகிறாள். இவ்வாதம் தீர்வதற்குள் இரண்டு வளைவுகள் கடந்துவிடுகின்றன. அம்மையாரின் பட்சமே சித்தாந்தம் என்பது எமது துணிபு.

மலையின் தரப்பிலும் நியாயம் சொல்ல வேண்டும். அது எச்சரிக்காமல் எவரையும் வீழ்த்துவதில்லை. சமவெளி கண்ணுக்குத் தெரிந்தவுடன் இறக்கம் முடிந்ததென்று எண்ணிவிடும் ஓட்டுநர்களை நோக்கி, ஏமாறாதீர்கள், செங்குத்தும் வளைவும் இன்னும் உண்டு என்னும் பொருள்படப் பலகைகள் நட்டிருக்கிறார்கள். அதையும் மீறிப் பிரேக் இழந்தவனுக்கென்று, சரளைக்கல் பரப்பி மேல்நோக்கிச் சாய்த்த ஓடுதளமும் உண்டு.

4. நகரக் காண்டம்

நகரத்திலோ புகை இல்லை. ஆதலால் அனுமானத்திற்கு ஏதுவும் இல்லை. மலையில் பகையாயிருந்த எடை இங்கே மறக்கப்பட்டு, நீளம் பகையாகிறது. மலையைக் கடந்துவிட்டோம் என்ற கர்வத்தோடு வருகிறவன் இம்மாறுதலை உணர்வதில்லை.

டென்வரின் பழைய மையப் பகுதித் தெருக்கள் ஆற்றையும் ஓடையையும் அனுசரித்துக் குறுக்குச் சாய்வாக வகுக்கப்பட்டவை. பின்னர் விரிந்த பகுதிகளோ நேர் வடக்குத் தெற்காக அமைந்தவை. இவ்விரு கொள்கைகளும் சந்திக்கும் இடங்களில் முக்கோண மூலைகள் உண்டாகின்றன. வலப்புறம் திரும்ப வேண்டிய வீட்டு வண்டி முதலில் இடப்புறம் ஒதுங்க வேண்டும். அவ்வாறு ஒதுங்கியதும், தனக்கு வழிவிட்டதாக எண்ணி ஒரு சிறு கார் அந்த இடைவெளியில் புகுந்துவிடும். மேலும் ஏ வகுப்பு வண்டியில் சாரதியின் ஆசனம் முன்சக்கரங்களுக்கும் முன்னால் இருப்பதால், அவன் தன் உடல் மூலையைத் தாண்டி, பாதசாரிகளின் தலைக்குமேல் மிதப்பது போல் தோன்றிய பின்னரே திருப்ப வேண்டும். அதற்குள் பின்பகுதி எதிர்த் திசையில் வீசி, ஒரு தபால் பெட்டியை விசாரிக்கும்.

தவறான சந்தில் நுழைந்துவிட்டால் பின்வாங்கலாமே எனின், அதுவும் ஆகாது. நான்கு சக்கரமும் தரையில் பட இழுக்கப்படும் காரைப் பின்னோக்கித் தள்ளினால், அதன் முன்சக்கரங்கள் கோணி மடங்கிவிடும். ஆகவே சாரதி வீட்டுச் செருப்போடு நடுத்தெருவில் இறங்கி, ஊரார் ஹாரன் முழங்க, காரைக் கழற்றியாக வேண்டும்.

நகரம் எத்தகையோரையும் மடக்கவல்லது என்பதற்குச் சரித்திரச் சான்றும் உண்டு. இதே 70ஆம் எண் நெடுஞ்சாலையும் 25ஆம் எண் நெடுஞ்சாலையும் பின்னிக்கொள்ளும், எலிப்பொறி என்றே ஊரார் அழைக்கும் சந்திப்பில், 1984இல் கடற்படையின் டார்பிடோக்களை ஏற்றிவந்த லாரியொன்று கவிழ்ந்து, நகரின் போக்குவரத்தை ஸ்தம்பிக்கச் செய்தது. எந்தக் கடலுக்கும் வெகு தொலைவிலுள்ள ஊரில் டார்பிடோவே சிக்கிக்கொண்டதென்றால், கட்டிலும் அடுப்பும் எம்மாத்திரம்?

5. முடிபு

மலையை வீட்டோடு கடக்கலாம்; நகரத்துக்குள் வீட்டைப் புறத்தே நிறுத்திவிட்டு நுழைவதே முறை. மலையடிவாரத்து ஊராகிய கோல்டனிலிருந்து டென்வரின் யூனியன் ஸ்டேஷனுக்கு, டபிள்யூ தடம் என்னும் இலகு ரயில் 2013 முதல் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் மூலைகளைப் பற்றிய கவலை சாரதிக்கும் இல்லை, பிரயாணிக்கும் இல்லை. முகாமில் வண்டியை நிறுத்தி, ஒரு கைப்பையுடன் ரயிலேறுவோர் புத்திமான்கள். ஆனால் புறப்படுமுன் அடுப்பை அணைத்தாயிற்றா என்று ஒருமுறை பார்த்துக்கொள்க. அங்கே எழும் புகைக்குப் பிரேக்கைக் காரணம் சொல்ல இயலாது.