பாறையில் ஒரு பிட்டு

அறிவியலைச் சுருக்கமாக எழுதுங்கள் என்று பத்திரிகை ஆசிரியர்கள் இன்றைக்குக் கெஞ்சுகிறார்கள். புதுக்கோட்டைப் பக்கம் ஏழாம் நூற்றாண்டு வாக்கிலேயே ஒருவர் இசை இயலை அப்படி எழுதி முடித்துவிட்டார். எவ்வளவு சுருக்கம் என்றால், இன்றுவரை யாருக்கும் முழுசாகப் புரியவில்லை.

குடுமியான்மலைக் குடைவரையை ஒட்டிய பாறையில், பிள்ளையாருக்குப் பக்கத்தில், பல்லவ கிரந்தத்தில் 38 வரிகள். ஏழு ராகங்களுக்கு ஏழு தலைப்பு. கீழே நாலு நாலாக ஸ்வர எழுத்து. அவ்வளவுதான், ஒரு வார்த்தை விளக்கம் கிடையாது. எழுத்துக்கு இவ்வளவு என்று கல்தச்சன் கூலி பேசியிருந்தால் நாமும் அப்படித்தான் எழுதியிருப்போம். ர, ரி, ரு, ரே என்று ஒரே ஸ்வரம் நாலு வேஷத்தில் வருகிறது. சுருதி நுட்பம் என்றார் ஓர் அறிஞர். வீணையை மீட்டும் விதம் என்றார் இன்னொருவர். சில எழுத்துகளின் தலையில் புள்ளி வேறு. உளி தவறியிருக்குமோ என்று வித்வான்களிடம் கேட்டுவிடாதீர்கள்.

கடைசியில் ஆசிரியர் குறிப்பு: ருத்ராசாரியாரின் சீடனும் பரம சிவபக்தனுமான ராஜா, மாணவர்களின் நன்மைக்காகச் செய்தது. நன்மைக்காகவாம்! எந்த ராஜா? சிக்கனத்தில் பெயரும் போயிற்று. பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தோம். அவர் வந்து மறுக்கவா போகிறார்?

சமஸ்கிருதம் தெரியாதவர்களுக்கென்று தமிழிலும் ஒரு வரி உண்டு. எட்டுக்கும் ஏழுக்கும் இவை உரியவை என்கிறது. எட்டு என்ன, ஏழு என்ன? நரம்புகளாக இருக்கலாம் என்கிறார்கள். உரைக்கே உரை எழுத வேண்டிய பாடு.

1991இல் இதே மாவட்டத்துக்கு அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் வந்தது. கலெக்டர் ஷீலா ராணி சுங்கத்தும், அறிவியல் இயக்கத்துத் தொண்டர்களும் சொல்லில் கஞ்சத்தனமே காட்டவில்லை. பாட்டு, வீதி நாடகம், போதாக்குறைக்குப் பெண்களுக்கு சைக்கிள் பயிற்சி. ஊருக்கு ஊர் ஒரே சத்தம், ஆனால் புரிந்தது. குவாரியில் கல் உடைத்துக்கொண்டிருந்த பெண்கள் எழுத்தும் கணக்கும் படித்தார்கள். குவாரிகளையே பெண்கள் குழுக்கள் குத்தகைக்கு எடுத்தன.

நல்லவேளை, குடுமியான்மலைப் பாறை அந்தக் குத்தகையில் வரவில்லை. வந்திருந்தால் ராஜாவின் பாடம் இன்னும் சுருங்கி முக்கால் இஞ்ச் ஜல்லியாகியிருக்கும்.