கமெராவுக்கும் வியர்க்கும்

கேள்வி: கல்முனையில் வியர்வையைத் துடைத்துக்கொண்டே படம் பிடிக்கிறோம். குளிரில் படமெடுக்கும் கலை நமக்கு எதற்கு?

பதில்: வியர்ப்பது கமெராவுக்கும்தானே!

நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில் புல்வெளியில் உறைபனி படிவதுண்டு. அந்தக் குளிரில் லித்தியம் பற்றரியின் இரசாயன வினை மந்தமாவதால் அது சீக்கிரம் சோர்ந்துவிடும். சட்டைப்பையில் வைத்துச் சூடாக்கினால் ஓரளவு மீளும். அதைவிடப் பெரிய தொல்லை, குளிர்ந்த கமெரா ஈரக்காற்றைச் சந்திக்கையில் லென்ஸில் நீர் படிவது. அதற்கு மலையேறத் தேவையில்லை. கல்முனையில் ஏசி அறையிலிருந்து கடற்கரைக்கு வந்தாலே போதும்.

வெளியே வருமுன் கமெராவைப் பொலித்தீன் பையில் இறுகக் கட்டிவிட்டால் நீர் பையின் மேல்தான் படியும். கமெரா வெளிச்சூட்டுக்கு வரும்வரை பையைத் திறக்கக் கூடாது, லென்ஸையும் கழற்றக் கூடாது: உள்ளே தங்கும் ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும்.