அந்தக் கைக்கு வேலை கொடுங்கள்!

மார்பகப் புற்றுநோய் சிகிச்சைக்குப் பிறகு வரும் கை வீக்கம் பற்றிய கேள்விகளுக்கு மட்டுமே இந்த முறை இடம். டாக்டர்கள் இதை லிம்பெடீமா என்பார்கள், நிணநீர் வீக்கம்.

ஆபரேஷன் முடிந்து இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது இடது கை வீங்குகிறது. நோய் திரும்பிவிட்டதா?
*வாசகி, திண்டுக்கல்*

பெரும்பாலும் இல்லை. ஆனால் அதை உங்கள் டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். ரத்தக் குழாயிலிருந்து கசியும் நீரையும் புரதத்தையும் திரும்ப எடுத்துச் செல்பவை நிணநீர்க் குழாய்கள். கையிலிருந்து கிளம்பும் நிணநீருக்கு அக்குள்தான் முக்கிய வழி. அங்கே 20 முதல் 40 நிணநீர் முடிச்சுகள் இருக்கின்றன ("நெறி கட்டியிருக்கிறது" என்போமே, அவைதான்). ஆபரேஷனில் அவற்றை எடுத்தாலும், கரண்ட் வைத்ததில் (ரேடியேஷன்) அவை இறுகினாலும், வடிகால் அடைபட்ட வயல் போல நீர் கையிலேயே தங்குகிறது. முதல் இரண்டு மூன்று வருஷங்களில்தான் அதிகம் வரும். பத்து வருஷம் கழித்து வந்தவர்களும் உண்டு. வீக்கம் திடீரென்று வந்தாலோ, வலியோடு மளமளவென்று கூடினாலோ ரத்தக்கட்டு, நோய் திரும்பியது இரண்டுமே இல்லை என்று ஸ்கேனில் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இந்த ஆபரேஷன் செய்தால் கை வீங்கியே தீருமா?
*வாசகி, தென்காசி*

தீராது. அக்குள் முடிச்சுகளை மொத்தமாக எடுத்தவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு வருகிறது. மார்பிலிருந்து வடியும் நீர் முதலில் போய்ச் சேரும் ஒன்றிரண்டு முடிச்சுகளை மட்டும் எடுத்துப் பார்க்கும் 'சென்டினல் நோட்' முறையில் அது சுமார் இருபதில் ஒருவராகக் குறைகிறது. அமெரிக்க சர்ஜன் ஹால்ஸ்டெட் இந்த வீக்கத்தைப் பற்றி 1921-லேயே எழுதிவிட்டார். சென்டினல் முறை வந்தது 1990-களில்தான். நோய் அக்குளில் பரவியிருந்தால் முழுதாக எடுப்பது அவசியமாகலாம். ஆனாலும், "எனக்கு எல்லாவற்றையும் எடுக்க வேண்டுமா, சென்டினல் போதுமா?" என்று ஆபரேஷனுக்கு முன் கேட்பது உங்கள் உரிமை. தயங்காமல் கேளுங்கள்.

"அந்தக் கையால் ஒரு டம்ளர்கூடத் தூக்காதே" என்கிறார் என் அத்தை. சமையலறைக்குள்ளேயே விடுவதில்லை.
*மருமகள் ஒருவர், ஈரோடு*

அத்தையின் பாசத்துக்கு ஒரு கும்பிடு. அவர் சொல்வதைத்தான் டாக்டர்களும் பல காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1996-ல் கனடாவின் வான்கூவரில் டான் மெக்கன்சி என்ற விளையாட்டு மருத்துவர் அதைக் கேள்வி கேட்டார். மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடிந்த 24 பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, டிராகன் படகில் உட்கார வைத்துத் துடுப்புப் போடச் சொன்னார். முழுக்க முழுக்கக் கைக்கும் தோளுக்குமான வேலை. ஒருவருக்கும் புதிதாக வீக்கம் வரவில்லை. இன்று பல நாடுகளில் இப்படிப் படகோட்டும் பெண்கள் குழுக்கள் இருக்கின்றன.

2009-ல் கேத்ரின் ஷ்மிட்ஸ் குழுவினர் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஏற்கெனவே கை வீங்கிய 141 பெண்களை எடுத்துக்கொண்டு, பாதிப் பேரை வாரம் இரண்டு முறை எடை தூக்க வைத்தார்கள். வீக்கம் கூடவில்லை. எடை தூக்கியவர்களுக்குத்தான் வீக்கம் திடீரென்று மோசமாவது குறைந்தது. கையில் பலமும் ஏறியது.

தசை அசைந்தால்தான் நிணநீர் நகரும். எனவே தோசை ஊற்றுங்கள், துணி உலர்த்துங்கள், தலை வாருங்கள். ஆபரேஷன் ஆன முதல் சில வாரங்கள் மட்டும் பிசியோதெரபிஸ்ட் சொல்வதைத் தாண்ட வேண்டாம். பிறகு சிறிய எடையில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுங்கள். பழகாத கையால் முதல் நாளே நிறைகுடத்தையோ அரிசி மூட்டையையோ தூக்குவதுதான் வம்பு.

அந்தக் கையில் ஊசி போட்டுவிட்டார்கள். பயமாக இருக்கிறது.
*வாசகி, ஓசூர்*

பயம் வேண்டாம். பாஸ்டனில் 632 பெண்களைத் தொடர்ந்து அளந்து பார்த்து 2016-ல் வெளியிட்ட ஆய்வில், ஊசி, ரத்தம் எடுப்பது, பி.பி. பார்ப்பது, விமானப் பயணம் எதற்கும் வீக்கத்தோடு தொடர்பு தெரியவில்லை. தொடர்பு தெரிந்தவை அதிக உடல் எடை, அக்குள் முடிச்சுகளை மொத்தமாக எடுத்தது, கையில் சீழ்க்கிருமித் தொற்று. மறு கை இருக்கும்போது அதைக் கொடுப்பது நல்லது. அவசரத்தில் எந்தக் கை என்று வாதாடிக்கொண்டிருக்க வேண்டாம்.

எண்ணெய் போட்டு நன்றாக அழுத்தி நீவினால் வடிந்துவிடும் என்கிறாரே எங்கள் ஊர் வைத்தியர்?
*வாசகி, நாகர்கோவில்*

அழுத்தி நீவ விடாதீர்கள். வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம். இதற்கென்று பயிற்சி பெற்றவர்கள் செய்யும் நிணநீர் மசாஜில் விரல்கள் தோலை மெல்ல இழுத்து விடும், அவ்வளவுதான். அதன்மேல் பல அடுக்குக் கட்டு. மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் சாதாரண கிரேப் பேண்டேஜை நீங்களாகவே இறுக்கிச் சுற்றுவது இதற்கு ஈடாகாது. வீக்கம் குறைந்ததும் கைக்கு அளவெடுத்த அழுத்த உறையைப் பகலில் போட வேண்டும். ஆறு மாதம் போல ஆனதும் உறை தளர்ந்துவிடும், மாற்றுங்கள். முழுதாகக் குணமாக்கும் மருந்து இல்லை. ஆரம்பத்திலேயே பிடித்தால் கட்டுக்குள் வைக்கலாம்.

நீர் பிரியும் மாத்திரை போட்டால்?
*வாசகர், கரூர்*

நீர் பிரியும், புரதம் கையிலேயே நிற்கும், வீக்கம் திரும்பி வரும்.

இது யானைக்கால் மாதிரி ஒட்டிக்கொள்ளுமா என்று பக்கத்து வீட்டில் கேட்கிறார்கள்.
*வாசகி, கும்பகோணம்*

ஒட்டாது. யானைக்காலுக்குக் காரணம் கொசு பரப்பும் புழு. இதற்குக் காரணம் உயிரைக் காத்த ஆபரேஷனும் ரேடியேஷனும். வந்தவரை ஒதுக்கி வைப்பது கொடுமை.

சினிமாக்காரர்கள் யாராவது வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்களா?
*வாசகர், மதுரை*

ஆஸ்கர் வாங்கிய ஹாலிவுட் நடிகை கேத்தி பேட்ஸ். 2012-ல் இரு மார்பகங்களையும் அகற்றிய பிறகு இரண்டு கைகளிலும் வீக்கம் வந்தது. மறைக்காமல் ஊர் ஊராகப் போய்ப் பேசினார்.

மனைவி எதையும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். நான் எதைக் கவனிக்க வேண்டும்?
*கணவர் ஒருவர், விழுப்புரம்*

உங்கள் கேள்விக்கே நன்றி. முதலில் வீக்கம் கண்ணுக்குத் தெரியாது. கை கனக்கிறது என்பார். போன மாதம் சரியாக இருந்த ரவிக்கையின் கை இந்த மாதம் பிடிக்கும்; கழற்றினால் புஜத்தில் தையல் தடம் பள்ளமாகப் பதிந்திருக்கும். மோதிரமும் வளையலும் ஏறாது. தையல்காரர் டேப் ஒன்று வாங்கி வையுங்கள். மாதம் ஒருமுறை இரு கைகளிலும் மணிக்கட்டு, முழங்கைக்குக் கீழே 10 செ.மீ., மேலே 10 செ.மீ. அளந்து எழுதுங்கள். முன்பு இல்லாத 2 செ.மீ. வித்தியாசம் வந்தால் டாக்டரிடம் போங்கள்.

அரிவாள்மனை கீறல், மீன் முள், எண்ணெய் தெறிப்பு, இட்லி ஆவி எதுவானாலும் சோப்புப் போட்டுக் கழுவி மருந்து தடவுங்கள். கை சிவந்து, சுட்டு, குளிர்காய்ச்சல் வந்தால் ஞாயிற்றுக்கிழமை என்று பார்க்காதீர்கள். அன்றைக்கே ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும்.

அழுத்த உறை விலை கட்டுப்படியாகவில்லை. வழி உண்டா?
*வாசகி, திருவாரூர்*

அமெரிக்கப் பெண்களும் இதே குறையோடு பத்து வருஷத்துக்கு மேல் போராடினார்கள். 2022 டிசம்பரில் சட்டம் நிறைவேறியது. 2024 ஜனவரி முதல் தேதியிலிருந்து அங்கே முதியோருக்கான அரசு காப்பீடான மெடிகேர் உறைக்கும் பணம் தருகிறது. மார்பகப் புற்றுநோய்க்குக் காப்பீடு உண்டென்றால் அந்தச் சிகிச்சையால் வீங்கிய கைக்கும் உண்டு என்பதே நியாயம். உங்கள் மருத்துவமனையிலும் காப்பீட்டு அலுவலகத்திலும் எழுத்து மூலம் கேளுங்கள். பக்கத்துக் கட்டிலில் இருந்த அக்காவையும் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.