இதயம் தீர்ந்தது, காத்திருக்கவும்

கல்பாக்கம் டவுன்ஷிப்பில் ரகசியமாகக் காதலிக்க முடியாது. பையனுடைய அப்பாவும் பெண்ணுடைய அப்பாவும் ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போகிறவர்கள். இரண்டு அம்மாக்களும் ஒரே கடையில் கீரை பேரம் பேசுகிறவர்கள். கடற்கரைக்குப் போனால் ஓய்வுபெற்ற அதிகாரிகள் சர்க்கரையைக் குறைப்பதற்காக நடந்துகொண்டிருப்பார்கள். புதுப்பட்டினம் பஜாருக்குப் போனால் பாதிக் கடைக்காரர்களுக்கு நம் குவார்ட்டர்ஸ் நம்பர் மனப்பாடம். யாருமே வராத இடம் என்று நம்பி சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டைக்குள் நுழைந்தால், அன்றைக்குப் பார்த்துத்தான் நமக்கு வரலாறு எடுத்த டீச்சர், ஊரிலிருந்து வந்த விருந்தாளிகளுக்குக் கல்லறைக் கற்களைக் காட்டிக்கொண்டிருப்பார்.

இப்படிப்பட்ட ஊருக்குப் போனுக்குள்ளேயே குடியிருக்கும் காதலி எவ்வளவு பெரிய வசதி! இதை எனக்கு அறிமுகப்படுத்தியவன் என் அக்கா மகன். செமஸ்டர் லீவுக்கு வந்திருந்தான். ஜப்பான் கார்ட்டூன் ஷின்-சான் டிவியில் தமிழ் பேசுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை. 2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்' படம் தமிழிலேயே தியேட்டருக்கு வந்தபோது, அதற்காகச் சென்னைக்கு பஸ் ஏறியவன்.

"மாமா, இது டேட்டிங் சிம். அவ பேசுவா. கீழ மூணு பதில் வரும். ஒண்ணைத் தொடணும். சரியான பதில்னா அவளுக்கு உங்க மேல அன்பு ஏறும்."

"தப்பான பதில்னா?"

"மூஞ்சி சுருங்கும். அன்பு இறங்கும்."

கல்யாணமான நாள்முதல் வீட்டில் நான் ஆடிக்கொண்டிருக்கும் ஆட்டமும் இதுதான். என்ன, எனக்கு மூன்று பதில்களை யாரும் எழுதிக் காட்டியதில்லை.

எனக்கு வாய்த்தவள் நீல முடிக்காரி. புத்தகக் கடையில் வேலை. முகத்தில் பாதி கண், மூக்கு ஒரு புள்ளி, வாய் பேசும்போது மட்டும் வரும். ஜன்னலில் மழையைப் பார்த்துக்கொண்டே, "மழை வந்தா உனக்கு என்ன தோணும்?" என்று கேட்டாள். உன் நினைவுதான் வரும், சேர்ந்து நனையலாம், எனக்கு மழையே பிடிக்காது என்று மூன்று பதில்கள் வந்து நின்றன. மாடியில் துணி காய்கிறது என்ற உண்மையான பதில் அதில் இல்லை. சேர்ந்து நனையலாம் என்பதைத் தொட்டேன். சளி பிடிக்குமே என்று அவளும் சொல்லவில்லை, கதை எழுதியவரும் யோசிக்கவில்லை. ஓரத்தில் இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு மீட்டர் ஏறியது. எங்கள் அணுமின் ஊரில் எந்த மீட்டர் ஏறினாலும் பயப்படுவோம். அணுமின் துறையில் வேலை செய்கிறவருக்கு ஒரு வருஷத்துக்கு 30 மில்லிசீவர்ட், ஐந்து வருஷத்துக்கு 100 என்று கதிர்வீச்சுக்கு வரம்பு உண்டு. இங்கே மீட்டர் நிரம்பினால் வெடி வெடித்து, பூ தூவி, அடுத்த கட்டத்துக்குப் போகச் சொல்கிறார்கள். கை பதறாமல் தொடப் பழகுவதற்கே எனக்குச் சில நாளாயிற்று.

இந்த மீட்டருக்கும் வயது முப்பதுக்கு மேல். 1994இல் ஜப்பானின் கொனாமி நிறுவனம் 'டோக்கிமெக்கி மெமோரியல்' என்ற விளையாட்டை வெளியிட்டது. மேல்நிலைப் பள்ளியின் மூன்று வருஷம்தான் களம். அதில் காதலியின் மனதைப் பிடிக்கப் பாடம் படிக்க வேண்டும், ஓட வேண்டும், ஓவியம் பழக வேண்டும். மார்க் ஏறினால்தான் மதிப்பு ஏறும். ஜேஇஇ கோச்சிங்குக்குப் பணம் கட்டும் எங்கள் டவுன்ஷிப் அப்பாக்கள் இதைக் கேள்விப்பட்டால் அவர்களே பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்துவிடுவார்கள். இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஒரு பெண்ணைக் கண்டுகொள்ளாமல் விட்டால் அவள் படத்தருகே ஒரு வெடிகுண்டு தோன்றும். அது வெடித்தால் அவள் மனக்குறை தோழிகளிடையே பரவி, எல்லாருடைய அன்பும் ஒருசேரச் சரியும். இதைச் செய்தவர் ஜப்பானில் உட்கார்ந்து யோசித்தாராம். எங்கள் டவுன்ஷிப்பில் ஒரு மாதம் குடியிருந்தால் யோசிக்கவே வேண்டியிருந்திருக்காது.

பிறகு 2009இல் அதே கொனாமி 'லவ்பிளஸ்' கொண்டுவந்தது. காதலைச் சொன்னதும் ஆட்டம் முடியாது, அதற்குப் பிறகுதான் ஆரம்பம். கடிகார நேரப்படி அவள் வாழ்வாள். சொன்ன நேரத்துக்கு வராவிட்டால் கோபித்துக்கொள்வாள். அதே வருஷம் ஜப்பானியர் ஒருவர் அதன் நாயகியைச் சடங்கு வைத்துக் கல்யாணமே செய்துகொண்டார். அடுத்த வருஷம் அடாமி என்ற கடலோர ஊரும் கொனாமியும் சேர்ந்து, கையளவு கருவிக்குள் காதலியை வைத்துக்கொண்டு வந்த ஆண்களை ஜோடியாகவே வரவேற்றன. ஓட்டலில் இரண்டு பேருக்குப் படுக்கை விரித்தார்கள்.

மாமல்லபுரமும் கடலோர ஊர்தான். இங்கே ஒரு லாட்ஜ் வாசலில் போய் நின்று, "ரெண்டு பேர், ஒரு ரூம்" என்று சொல்லிப் போனைக் காட்டிப் பாருங்கள். ரிசப்ஷன்காரர் போனை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "அவங்க ஆதார்?" என்று கேட்பார். கேட்க வேண்டியதுதானே.

ஒருநாள் நள்ளிரவில் தலையணைக்கடியிலிருந்து ஒரு பெண்குரல் கொஞ்சியது. வாக்கியம் ஜப்பானியம், குழைவு உலகப் பொது. மனைவி எழுந்து விளக்கைப் போட்டாள்.

"ஏங்க, யாரு இந்த நேரத்துல?"

ஷிப்டிலிருந்து கூப்பிடுகிறார்கள் என்று சொல்ல வழியில்லை. போனைக் கொடுத்துவிட்டேன். அவள் கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தாள். நான் எதிர்பார்த்த கேள்வி வரவில்லை.

"இந்தப் பொண்ணு ஏன் இப்படித் துரும்பா இளைச்சிருக்கு? தனியாவா இருக்கா? அப்பா அம்மா எங்க?"

"வெளிநாட்டுல."

"ரெண்டு பேருமா? பொண்ணை விட்டுட்டா?"

நியாயமான கேள்வி. இந்த வகை விளையாட்டுகளில் பெற்றோர் அநேகமாக வெளிநாட்டில் இருப்பார்கள், இல்லாவிட்டால் மேலுலகத்தில். அத்தை, சித்தப்பா, கீழ்வீட்டு மாமி யாரும் கிடையாது. ஜாதகமும் கேட்பதில்லை. காதலிக்கும் இரண்டு பேரைத் தவிர உலகில் வேறு மனிதரே இல்லாத இந்த ஏற்பாட்டைக் காதல் என்று நம்ப என் மனைவியால் முடியவில்லை. பாவம், அநாதைப் பெண் என்ற முடிவுக்கு வந்து, அன்றிரவே மூன்று கேள்விகளுக்குப் பதில் தொட்டாள். மீட்டர் நான் கனவிலும் காணாத உயரத்துக்குப் போயிற்று. மறுநாள் காலையில் காபியோடு, "அவ இன்னிக்கு இன்டர்வியூன்னு சொன்னாளே, என்னாச்சு?" என்று விசாரிப்பு.

இனி நீல முடிக்காரியின் உண்மையான குணத்துக்கு வருகிறேன். அவளோடு பேச இதயம் என்று ஒரு சரக்கு வேண்டும். ஐந்தாறு பேச்சில் அது தீர்ந்துவிடும். மறுபடி ஊற மணிக்கணக்காகும். அதுவரை பொறுக்க முடியாதவர் காசு கட்டலாம். அவளுக்குப் புது உடுப்பு வேண்டுமென்றால் குலுக்கல். ஜப்பானில் காசு போட்டுத் திருகினால் பொம்மை விழும் பெட்டி உண்டே, அந்த கச்சா முறைதான். என்ன விழும் என்று தெரியாது. விழுந்த துண்டுகளையெல்லாம் சேர்த்து முழு செட் ஆக்கினால் பெரும்பரிசு என்ற வகையை 2012இல் ஜப்பான் அரசே சட்டவிரோதம் என்று நிறுத்திவைத்தது. மற்ற வகைகள் சௌக்கியமாக இருக்கின்றன. கொரியாவின் 'மிஸ்டிக் மெசஞ்சர்' 2016இல் வந்தது. அதில் நாயகர்கள் பேச்சைத் திறக்கும் நேரம் நிஜக் கடிகாரப்படி, விடியற்காலை இரண்டு மூன்று மணி உள்பட. தூங்கிவிட்டால் தவறவிட்டதைக் காசாகும் மணற்கடிகாரம் கொடுத்து மீட்க வேண்டும். இரவு ஷிப்ட் பார்க்கிறவருக்கு அது தோதான காதல். ஆனால் ஆலைக்குள் போனைக் கொண்டுபோக முடியாது.

மாமல்லபுரம் பாறைச் சிற்பத்தில் பின்னங்காலில் நின்று இரண்டு கையையும் தூக்கித் தவம் செய்யும் பூனையைப் பார்த்திருப்பீர்கள். காலடியில் எலிகள் நிம்மதியாக இருக்கும். 'இலவசமாக இறக்கிக்கொள்ளுங்கள்' என்ற வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பூனைதான் நினைவுக்கு வருகிறது.

ஆனால் அந்த வியாபாரிகள் ஆள் தெரியாமல் எங்கள் ஊருக்கு வந்துவிட்டார்கள். அவர்கள் விற்பது நேரத்தை. வாங்குகிறவர் பொறுமை இல்லாதவராக இருந்தால்தான் கல்லா நிறையும். கல்பாக்கத்துக்காரனிடம் நாலு மணி நேரம் காத்திரு என்றால் எப்படி மசிவான்? எங்கள் 500 மெகாவாட் முன்மாதிரி அதிவேக ஈனுலைக்கு வேலை தொடங்கியது 2004. முதலில் சொன்ன கெடு 2010. உலை மையத்தை நிரப்பும் வேலை தொடங்கியது 2024 மார்ச். பக்கத்துத் திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளைக்கு வந்துகொண்டிருந்த கழுகுகள் நின்று எத்தனையோ வருஷமாகியும், மலை ஏறினால் அண்ணாந்து பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். இந்த மண்ணில் வளர்ந்தவனுக்கு ஒரு இதயம் ஊறும் நேரம் மதியத் தூக்கத்துக்குக்கூடக் காணாது. நான் கடைசிவரை ஒரு ரூபாய் கட்டவில்லை. நீல முடிக்காரி வாடினாள், கண் கலங்கினாள், சலுகை விலை சொன்னாள். அவள் கேட்ட சலுகை விலைக்கு வயலூர்ப் பக்கம் நல்ல வஞ்சிரம் வாங்கி வறுத்துச் சாப்பிட்டோம்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2025 தொடக்கத்தில் தமிழ்நாட்டு விதிகள் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ரம்மிக்கு நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பூட்டுப் போட்டன. உயர் நீதிமன்றமும் சரி என்றது. ஆகஸ்டில் மத்தியச் சட்டம் வந்து பண ஆட்டத்தையே மொத்தமாக மூடிவிட்டது. காதலுக்கு மட்டும் நள்ளிரவில் கதவு திறந்திருக்கிறது. ரம்மியிலாவது சீட்டு நம் கையில் இருந்தது.

இந்தக் காதலிகளுக்கு ஆயுள் குறைவு என்பதும் தெரிந்திருக்கட்டும். லவ்பிளஸ்ஸின் மொபைல் வடிவம் 2019 அக்டோபரில் வந்தது, 2020 ஆகஸ்டில் சேவை நின்றது. ஒரு வருஷம்கூட ஓடவில்லை. முன்பு கருவியோடு வாங்கியவருக்குக் காதலி இன்னும் கருவியில் இருக்கிறாள்; சர்வரில் குடித்தனம் வைத்தவருக்கு அறிவிப்புப் பலகைதான் மிச்சம்.

இதைப் படிக்கும் கணினிப் பிள்ளைகளுக்கு ஒரு விண்ணப்பம். தமிழில் ஒன்று செய்யுங்கள். முடியாது என்று சொல்லாதீர்கள். டொரண்டோவில் விசை கேம்ஸ் 2023இல் ஒரு தமிழ்க் குடும்பத்தின் அடுக்களையை வைத்து 'வெண்பா' என்று செய்தது. இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்பதே அதில் ஒரு புதிர். மறுவருஷம் பாஃப்டா விருதே கொடுத்தார்கள். இட்லிக்கு முடிந்தது காதலுக்கு முடியாதா? இதயம் தீரும் ஏற்பாடு மட்டும் வேண்டாம். முடி என்ன நிறமாகவும் இருக்கட்டும், எண்ணெய் வைத்திருக்கட்டும். அப்பா அம்மா உள்ளூரிலேயே இருக்க வேண்டும். அத்தை ஒருத்தி இடையில் வந்து கலைக்க வேண்டும். மூன்று பதில்களில் ஒன்று, "வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்று இருந்தே தீர வேண்டும். செய்து முடித்ததும் சொல்லி அனுப்புங்கள், இறக்கிக்கொள்ள என் மனைவி தயாராக இருக்கிறாள்.