ஆறாயிரமா, ஆறாயிரத்து நானூறா?

அக்கா மகன் எங்கள் ஊர் விருத்தாசலத்திலேயே செராமிக் டிப்ளமோ படிக்கிறான். பொம்மை, கோப்பை, ஜாடி எல்லாவற்றையும் திரையில் முப்பரிமாணத்தில் செய்து பார்க்க அவனுக்கு ஒரு கம்ப்யூட்டர் தேவையாம். கேம் ஆடவும்தான். அதை அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பிராசஸர், மதர்போர்டு, கேபினட்டுக்குள் எரிகிற சீரியல் லைட்டின் நிறம் வரை மளமளவென்று முடிவானது. ரேமில் வந்துதான் மாட்டிக்கொண்டோம்.

"எத்தனை பஸ் சார் போடலாம்? ஐயாயிரத்து இருநூறா, ஆறாயிரமா, ஆறாயிரத்து நானூறா?" என்று போனில் கேட்டார் சென்னை ரிச்சி தெருக் கடைக்காரர்.

கேள்வி ஸ்பீக்கரில் விழுந்ததுதான் வினை. சிங்கப்பூர் மச்சினன் 7200-க்குக் கீழே தொடவே கூடாது என்றான். பணம் அவனுடையதல்ல. தெருமுனை ஜெராக்ஸ் கடைத் தம்பி, தான் இன்னும் பழைய டிடிஆர்3 ரேமில்தான் ஓட்டுவதாகவும் ஒரு குறையும் இல்லை என்றும் சொன்னார். அவர் கடையில் ஆதார் அட்டை பிரிண்ட் எடுக்கப் போய் அரை நாள் உட்கார்ந்தவர்கள் ஊரில் ஏராளம்.

வேறு வழியில்லாமல் நானே காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தேன். முதலில் தெரியவந்தது, அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் 6000 ஹெர்ட்ஸ் கணக்கே அல்ல என்பது. கடிகாரத் துடிப்பு 3000 மெகாஹெர்ட்ஸ்தான். துடிப்புக்கு இரண்டு முறை தரவு போவதால் 6000. இது தெரியாமல்தான் பின்னாளில் மருமகன் சிபியு-இசட் மென்பொருளில் 3000 என்று பார்த்துவிட்டு, கடைக்காரர் பாதியை அமுக்கிவிட்டார் என்று ரயிலேறப் போனான். ஜங்ஷனுக்குப் போவதற்குள் பிடித்துவிட்டோம்.

அடுத்தது சிஎல் என்கிற சின்ன எண். யாருமே கண்டுகொள்ளாத அதுதான் விஷயமே. கேட்ட தகவல் வந்துசேர எத்தனை துடிப்பு காத்திருக்க வேண்டும் என்பதன் கணக்கு அது. 6000 சிஎல்30 என்றால் காத்திருப்பு 10 நானோ செகண்டு. 6400 சிஎல்32 என்றாலும் அதே 10. ஜெராக்ஸ் கடைத் தம்பியின் ரேமுக்கும் இரண்டு தலைமுறை முந்தி, முதல் டிடிஆர் காலத்தில், நல்ல 400 சிஎல்2 ரேம் போட்டவர்களும் அதே 10 நானோ செகண்டுதான் காத்திருந்தார்கள். இருபது வருஷத்தில் காத்திருப்பு குறையவில்லை. ஒரு நடைக்குத் தூக்கிவரும் மூட்டைதான் பெருத்திருக்கிறது. அன்று ஒரு சேனலில் நொடிக்கு 3.2 ஜிபி, இன்று 48. இதே 6000-ல் சிஎல்36 வாங்கினால் 2 நானோ செகண்டு கூடுதலாகக் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் ஒளி 60 சென்டிமீட்டர் போகும். அதாவது எங்கள் வீட்டு டீப்பாயின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம். இதற்காக ஒரு குடும்பமே இரண்டு கட்சியாகப் பிரிந்து சாப்பாட்டு நேரத்தில் பேசாமல் இருந்தது.

விருத்தாசலத்துக்காரர்களுக்கு இந்த வேகப் பைத்தியமே ஆகாது. தரவுப் பரிமாற்றத்தில் எங்கள் ஊருக்கு இருக்கும் அனுபவம் வேறு எந்த ஊருக்கும் இல்லை. எங்கள் ஊர்ச் சிவன் பழமலைநாதர் கொடுத்த 12,000 பொன்னைச் சுந்தரர் இங்கே மணிமுத்தாற்றில் போட்டார். திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார். "ஆத்துல போட்டதைக் குளத்துல தேடுவாங்களா?" என்று அவர் மனைவி பரவையார் சிரித்தாராம். ரேம் விலையைக் கேட்டதும் என் மனைவியும் அதேபோலத்தான் சிரித்தாள். நான் சொல்லவந்தது அதுவல்ல. பொன் எத்தனை நாழிகையில் போய்ச் சேரும் என்று சுந்தரர் கவலைப்படவே இல்லை. போடுவதற்கு முன் மாதிரிக்குக் கொஞ்சம் வெட்டி 'மச்சம்' வைத்துக்கொண்டார். திருவாரூரில் எடுத்ததும் உரைத்துப் பார்த்தார். மாற்று குறைந்திருந்தது. விடவில்லை, பாடிச் சரிசெய்த பிறகே கணக்கை முடித்தார். போட்டதுதான் வந்ததா என்பதுதான் ஒரு நினைவகத்துக்கு முதல் கேள்வி. புது ரேம் போட்டதும் ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட் ஓடவிடச் சொல்வது இதற்காகத்தான்.

வேகம் எதற்குமே ஆகாதா என்றால், ஆகும். தனியாக கிராபிக்ஸ் கார்டு போட வசதியில்லாதவர்களுக்கு ரேம் வேகம் நிஜமாகவே முக்கியம். பிராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸுக்கும் அதே ரேமிலிருந்துதான் சாப்பாடு. எங்கள் மருமகன் அந்த ஜாதிதான். ஆனால் அவர்கள்கூட எண்ணிக்கையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஒற்றை 6000 ரேம் குச்சி நொடிக்கு 48 ஜிபி தரும். இரண்டு 4800 குச்சிகள் சேர்ந்து 76.8. அதற்காக நாலு ஸ்லாட்டையும் நிரப்பாதீர்கள். நாலு குச்சி போட்டால் ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி உறுதி தரும் வேகம் 3600-க்கு இறங்கிவிடும். 2022-ல் அந்த வரிசை வந்தபோது, 6000-தான் தோதான வேகம் என்று அந்த நிறுவனமே சொல்லிவிட்டது. சிங்கப்பூர்வரை ஏன் போய்க் கேட்டோம் என்று தெரியவில்லை.

விலையைப் பற்றிப் பேசினால் வயிறு எரியும். ஏஐ டேட்டா சென்டர்கள் சிப்புகளை வாரிக்கொண்டு போக, நம்மைப் போன்றவர்களுக்கு க்ரூஷியல் என்ற பெயரில் ரேம் விற்றுவந்த மைக்ரான், 2025 டிசம்பரில் அந்தக் கடையையே மூடப்போவதாக அறிவித்தது. 400 கூடுதல் வேகத்துக்குக் கூடுதல் பணம் கேட்டபோது நான் அசையாததற்கு இதுவும் காரணம்.

வந்த குச்சியை, இன்சுலேட்டர் கம்பெனியில் ஓய்வுபெற்ற எதிர்வீட்டு அண்ணன் கையில் வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார். கறுப்புச் சில்லுகளை ஒட்டி எள்ளைவிடச் சின்னதாக வரிசை வரிசையாகப் பழுப்புத் துண்டுகள்.

"இது என்ன தம்பி, நம்ம சரக்கு மாதிரி இருக்கு?"

"கெப்பாசிட்டர்ண்ணே. செராமிக்தான்."

"சூளையில சுட்டதா?"

"ஆமாண்ணே. தாளைவிட மெலிசா அடுக்கடுக்கா வச்சுச் சுடுவாங்க."

"அப்ப தாங்கும். மாட்டுங்க" என்றார். இவ்வளவு நாளில் யாரும் இவ்வளவு தெளிவாக உத்தரவு கொடுக்கவில்லை.

மாட்டினோம். சுவிட்சைப் போட்டோம். விசிறி சுற்றியது, திரை கறுப்பாகவே நின்றது. டிடிஆர்5 மதர்போர்டு முதல்முறை ரேமோடு பழகிக்கொள்ளச் சில நிமிஷம் எடுத்துக்கொள்ளும். இதை அம்மாவிடம் யார் சொல்வது? "கொளஞ்சியப்பருக்குப் பிராது எழுதிக் கட்டிடலாம், பேப்பர் எடு" என்றார். எங்கள் ஊரில் காணாமல் போன மாடு முதல் கடன் தகராறு வரை மணவாளநல்லூர் முருகனிடம் எழுத்து மூலமாகத்தான் முறையீடு. பிரதிவாதி பெயர் என்ன போடுவது என்று நாங்கள் யோசிப்பதற்குள் திரை வெளிச்சமாகிவிட்டது.

ஆகவே வாசகர்களே, 16 ஜிபி குச்சி இரண்டு, 6000, சிஎல்30. மிச்சத்துக்கு யுபிஎஸ் வாங்குங்கள். ஏற்கெனவே வாங்கி மாட்டியவர்கள் இப்போதே டாஸ்க் மேனேஜரைத் திறந்து, மெமரியில் வேகம் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். 4800 என்றிருந்தால் பயாஸில் எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பி என்கிற வேக அமைப்பை யாரும் ஆன் செய்யவில்லை என்று அர்த்தம். 6000-க்குக் காசு கொடுத்துவிட்டு 4800-ல் ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.