சத்தம் போடாதீங்க சார், இது ஏர்போர்ட்

ஏழே முக்கால் விமானம். ஆறரைக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது: எட்டு இருபதாம். எட்டு மணிக்கு இன்னொன்று: ஒன்பது பத்தாம். ஒன்பதுக்கு மூன்றாவது: பத்தே கால். கடன் வாங்கினவன் நாளைக்கு, நாளான்னைக்கு என்று தவணை சொல்வானே, அதே பக்குவம். 'அஞ்சு மணி நேரம் ஆகும், வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுட்டு வாங்க' என்று ஒரேயடியாகச் சொன்னால் என்ன என்று வெளியாள் கேட்பான். தாமதம் ஆறு மணி நேரத்தைத் தாண்டும் என்றால் மாற்று விமானமோ முழுப் பணமோ கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. எங்களைக் கடைசியில் பன்னிரண்டு ஐம்பதுக்குத்தான் கிளப்பினார்கள். ஐந்து மணி ஐந்து நிமிஷம். ஆறைத் தொடவில்லை. அளவு தெரிந்த கை.

எந்த ஊர் விமானம் என்று எழுத முடியாது. ஊர்ப் பெயரைச் சொன்னால் கம்பெனிப் பெயரும் தெரிந்துவிடும். அந்த ஊருக்குப் பறப்பது அது ஒன்றுதான்.

பத்தரை மணிக்கு, எனக்கு முன்வரிசையில் இருந்த ஓர் அண்ணாச்சி எழுந்தார். வெள்ளை வேட்டி, கக்கத்தில் ரெக்சின் பை. கவுண்டரில் நின்ற பெண்ணிடம் போய், "ஏம்மா, வண்டி வருமா, வராதா? ஒரு வார்த்த சொல்லிரு" என்றார்.

"ஆபரேஷனல் ரீசன் சார்."

"அப்படின்னா?"

பதில் இல்லை. அவளுக்கே தெரியாது. யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. இருபத்திரண்டு வயது இருக்கும், ஷிப்டு முடிந்து போயிருக்க வேண்டியவள். எழுபது பேருடைய கோபத்தையும் வாங்கிக்கொள்ள அந்தச் சம்பளத்துக்கு அவளை நிறுத்தியிருக்கிறார்கள். அண்ணாச்சி குரலை அரை சுதி ஏற்றினார். "காலைல ஏழு மணிக்கு முகூர்த்தம்மா. தாய்மாமன் நான்தான்."

"சத்தம் போடாதீங்க சார், இது ஏர்போர்ட்."

எழுபது பேரும் திரும்பிப் பார்த்தோம். கவுண்டரைப் பார்த்திருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். அண்ணாச்சியைப் பார்த்தோம். பொது இடத்தில் வேட்டி அவிழ்ந்தவனைப் பார்ப்பது போல. அவர் கூசிப்போய் உட்கார்ந்தார். நான் போனைக் குனிந்து பார்த்தேன். அதில் எதுவும் வந்திருக்கவில்லை.

2024 பிப்ரவரியில் கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டில் நள்ளிரவில் ஊருக்குப் போக பஸ் இல்லை என்றதும் ஜனங்கள் ஜி.எஸ்.டி. சாலையில் உட்கார்ந்தார்கள். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, லாரியை மறித்து. அதிகாரிகள் ஓடி வந்தார்கள், பேருந்துகள் வந்தன. அந்தச் செய்தியைக் காலையில் படித்துவிட்டு, 'நம்ம ஜனங்களுக்கு டிசிப்ளினே கிடையாது' என்று ஆபீஸில் சொன்னவன் நான். முந்நூறு சொச்சம் ரூபாய் டிக்கெட்காரனுக்கு இருந்த முதுகெலும்பு, பதினோராயிரத்து நானூறு ரூபாய் டிக்கெட்காரனான எனக்கு இல்லை. என் சட்டை இஸ்திரி போட்டது. ரோட்டில் உட்கார்ந்தால் கசங்கும்.

விமானப் பயணிகள் ஒருமுறை தரையில் உட்கார்ந்தார்கள். 2024 ஜனவரியில், கோவாவிலிருந்து டெல்லிக்குக் கிளம்பி, பனிமூட்டத்தால் மும்பையில் இறக்கப்பட்டவர்கள். பல மணி நேரம் பொறுத்துவிட்டு, விமானத்தின் பக்கத்திலேயே தார்த்தளத்தில் சம்மணம் போட்டுச் சாப்பிட்டார்கள். நாடு முழுக்க அந்த வீடியோவைப் பார்த்துச் சிரித்தது. கம்பெனிக்கு ஒரு கோடியே இருபது லட்சம் அபராதமும் விழுந்தது. காக்க வைத்ததற்கா? இல்லை, அந்த இடத்தில் உட்காரவிட்டதற்கு. பயணி பட்டினி கிடப்பது வசதிக் குறைவு. சாப்பிட்டால் பாதுகாப்புக் குறைபாடு.

கத்துகிற பயணியை என்ன செய்யலாம் என்பதற்கு 2017-லேயே தெளிவான விதி எழுதியாயிற்று. வாயால் தகராறு செய்தால் மூன்று மாதம் வரை தடை. கை வைத்தால் ஆறு மாதம் வரை. உயிருக்கு ஆபத்து என்றால் இரண்டு வருஷமும் அதற்கு மேலும். கோபத்துக்கு மூன்று படித்தரம் வைத்திருக்கிறார்கள். கம்பெனிகள் பக்கத்துக்கும் நஷ்ட ஈட்டுப் பட்டியல் ஒன்று உண்டு. கூடவே 'அசாதாரணச் சூழ்நிலை' என்று ஒரு கதவையும் வைத்திருக்கிறார்கள். ஒரு யானை நிம்மதியாக நுழைந்து போகும் அகலம். மழை அசாதாரணம். பனி அசாதாரணம். டெல்லியில் டிசம்பர் மாதப் பனி, வருஷா வருஷம், அசாதாரணம்.

இரண்டு மணி நேரம் தாமதமானால் சாப்பாடு தர வேண்டும் என்றும் விதி. தந்தார்கள். முக்கோண டப்பாவில் ஒரு சாண்ட்விச். ஐஸ்பெட்டியிலிருந்து நேரே வந்தது. உள்ளே வெள்ளரிக்காய் ஒரு வில்லை, அதன் மேல் வெண்ணெய் என்று சந்தேகப்படும்படி ஏதோ ஒன்று. ஒரு குட்டி டப்பா ஜூஸ். போர்டிங் பாஸில் பேனாவால் ஒரு டிக் அடித்துவிட்டுக் கொடுத்தார்கள், இரண்டாவது முறை வந்து ஏமாற்றிவிடக் கூடாதல்லவா. லேப்டாப் பையோடு, நாற்பதாயிரம் ரூபாய் போனோடு, அந்த வரிசையில் நான் ஓடிப் போய் ஆறாவதாக நின்றேன். அண்ணாச்சி எழுந்திருக்கவில்லை.

இப்போது என் தங்க அட்டையைப் பற்றி. வாராவாரம் பறப்பதால் ஒரு கம்பெனி எனக்கு அதைக் கொடுத்திருக்கிறது. அட்டை இருந்தால் தனி வரிசை, முதலில் ஏறலாம். ஏறினேன். எதில்? பஸ்ஸில். அந்த பஸ் கடைசிப் பயணி வரும்வரை நகராது. முதலில் ஏறியவன் உள்பக்கம் தள்ளப்படுகிறான். விமானத்துக்கு அருகே பஸ் நிற்கும்போது கடைசியில் ஏறியவன் முதலில் இறங்குகிறான். இருபது வருஷ விசுவாசத்துக்குக் கிடைத்த தங்க மரியாதை, கம்பியைப் பிடித்துக்கொண்டு பதினைந்து நிமிஷம் அதிகமாக நிற்பது. இதற்குப் புள்ளிகள் வேறு சேர்கின்றன. புள்ளியைக் கணக்குப் பார்க்கிற சுகம் இருக்கிறதே, அது எனக்கு உண்மையிலேயே பிடிக்கும். வெட்கமாகத்தான் இருக்கிறது.

சின்னச் சின்ன சுகங்கள் இல்லாமல் இல்லை. பெட்டி முதல் ஆளாக பெல்ட்டில் வருவது. நடு இருக்கை காலியாக இருப்பது. கதவு மூடும்வரை, வருகிற ஒவ்வொருவரையும் பார்த்து 'இவன் வேண்டாம் முருகா' என்று வேண்டிக்கொண்டு, கடைசியில் கதவு மூடும்போது வருகிற நிம்மதி. சென்னையில் 2025-லிருந்து அரசாங்கமே நடத்தவைக்கும் மலிவுக் கடையில் பத்து ரூபாய் டீ. அந்த டீயைக் கையில் வாங்கும்போது கண் கலங்குகிறது. பத்து ரூபாய்க்கு டீ கிடைப்பதை ஒரு தேசிய சாதனையாக உணரும் அளவுக்கு என்னைப் பழக்கியிருக்கிறார்கள் பாருங்கள். சில வருஷம் முன்புவரை, கட்டடத்தை விட்டு வெளியே வந்தால் எந்த நாயர் கடையிலும் அது சாதாரண விஷயமாக இருந்தது.

ஹவாய் செருப்பு போட்டவரும் விமானத்தில் பறக்க வேண்டும் என்று உடான் திட்டத்துக்கு முழக்கம் வைத்தார்கள். 2017-ல் முதல் விமானம் பறந்தது. சேலத்துக்கு 2018-ல் வந்தது, 2021-ல் நின்றது, 2023-ல் திரும்ப வந்தது. செருப்புக்காரர் எத்தனை பேர் ஏறினார்களோ. பாதுகாப்புச் சோதனையில் ஷூக்காரனான என்னைக் கழற்றச் சொல்லி வெறுங்காலோடு நிறுத்துகிறார்கள். சமத்துவம் ஒரு வழியாக வந்துதான் விட்டது.

தேங்காய் விஷயம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கைப்பையில் முழுத் தேங்காய் கூடாது. ஆனால் சபரிமலை சீசனில், இருமுடிக்குள் இருந்தால், ஜனவரி 20 வரை போகலாம் என்று 2024-லும் அடுத்த வருஷமும் தளர்த்தினார்கள். 21-ஆம் தேதி காலையில் அதே தேங்காய் மறுபடி ஆயுதமாகிவிடும்.

மொழியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் இந்தக் கட்டுரை முடியாது. 2020-ல் கனிமொழி எம்.பி.யிடமே, இந்தி தெரியாது என்றதும், நீங்கள் இந்தியரா என்று சென்னை விமான நிலையத்தில் ஒரு காவலர் கேட்டதாக அவரே எழுதினார். எம்.பி.க்கு அந்தக் கேள்வி என்றால் மற்றவர்களுக்கு என்னவோ. அன்று ராத்திரி என் பக்கத்தில் ஒரு பாட்டி. தமிழ்நாட்டுக்குள்ளேயே ஓரிடத்தில் ஏறி ஓரிடத்தில் இறங்கப் போகிறார். ஒலிபெருக்கி 'குர்சி கி பேட்டி' என்றது. பாட்டி பதறிப்போய் காலடியில் தடவினார். "என்னப்பா, பெட்டியக் கேக்குறாங்களா?" இடுப்புப் பட்டையைப் போட்டுவிட்டேன். ஆபத்து நேரத்தில் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதையும் அவருக்குப் புரியாத இரண்டு மொழிகளில் விளக்கமாகச் சொன்னார்கள்.

கட்டணத்துக்கு வருவோம். 2025 டிசம்பரில் நாட்டின் மிகப் பெரிய விமானக் கம்பெனி ஒரே நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட விமானங்களை ரத்து செய்தது. பைலட்டுகளுக்கு வாரத்துக்கு 48 மணி நேரம் ஓய்வு தர வேண்டும் என்ற விதிக்கு அது தயாராக இல்லை. விதி அறிவிக்கப்பட்டது 2024 ஜனவரியில். கிட்டத்தட்ட இரண்டு வருஷம் இருந்தது. பரீட்சைக்குப் படிக்காத பையனுக்கு நாம் என்ன செய்வோம்? இங்கே கேள்வித்தாளை மாற்றிக் கொடுத்தார்கள்: விதியைத் தற்காலிகமாகத் தளர்த்தினார்கள். அபராதம், விளக்கம் கேட்டுக் கடிதம் எல்லாம் அப்புறம். மற்றக் கம்பெனிகளின் டிக்கெட்டுகள் கூரையைப் பிய்த்துக்கொண்டு ஏறியதும் அரசாங்கம் கருணையோடு உச்சவரம்பு வைத்தது. 500 கிலோமீட்டருக்குள் 7,500 ரூபாய், வரியும் நிலையக் கட்டணமும் தனி. இதுதான் அப்போது கட்டுப்படுத்திய விலை. அந்தப் பணத்தில் பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஒரு குடும்பமே ஏசியில் மதுரைக்குப் படுத்துக்கொண்டு போய்த் திரும்பிவிடலாம்.

இந்த வியாபாரத்தைத் தூத்துக்குடி நூறு வருஷத்துக்கு முன்பே பார்த்துவிட்டது. 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். வெள்ளைக்காரக் கம்பெனி கொழும்புக் கட்டணத்தை ஒரு ரூபாய்க்கு இறக்கியது. இவர் எட்டணா என்றார். அவர்கள் சும்மாவே வாருங்கள், குடையும் தருகிறோம் என்றார்கள். சுதேசிக் கம்பெனி படுத்தது. அதன் கப்பல் போட்டிக்காரனுக்கே விலை போயிற்று. அப்புறம் யார் குடை கொடுப்பார்கள்? நம் காலத்தில் 2012-ல் ஒரு கம்பெனி விழுந்தது, 2019-ல் ஒன்று, 2023-ல் ஒன்று. இன்றைக்கு உள்நாட்டில் பறக்கும் பத்துப் பேரில் ஒன்பது பேர் இரண்டே குழுமங்களின் வயிற்றுக்குள் உட்கார்ந்திருக்கிறோம். குடை கிடைக்காத தலைமுறை நாம்.

சாயங்கால விமானத்தில் ஜன்னலோரம் கிடைத்தால் நான் மேற்குப் பக்கத்தைத்தான் கேட்டு வாங்குவேன். அதற்குத் தனிக் காசு, கொடுப்பேன். சென்னையைத் தாண்டியதும் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்து ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வெயிலை வாங்கி மின்னும், தரையில் யாரோ வெள்ளித் தட்டுகளைப் பரப்பி வைத்தது போல. இத்தனை வருஷப் பறத்தலில் எனக்கு மிச்சமான ஒரே கலப்படமில்லாத சந்தோஷம் அது.

அங்கேதான் பரந்தூர். 2022-ல் அறிவித்தார்கள், சென்னைக்கு இரண்டாவது விமான நிலையம், ஐயாயிரம் ஏக்கருக்கு மேல். வயலும் ஏரியும் அதற்குள். ஏகனாபுரத்து ஜனங்கள் அன்றிலிருந்து உட்கார்ந்து போராடுகிறார்கள். 2024 நாடாளுமன்றத் தேர்தலைப் புறக்கணித்தார்கள். அந்த நிலத்தை எடுப்பது எனக்காக. சென்னை விமான நிலையத்தில் கூரைக் கண்ணாடி விழுவது எத்தனையாவது தடவை என்று பத்திரிகைகள் எண்ணிக்கொண்டிருந்த காலத்திலும், வாயைத் திறக்காமல் அண்ணாந்து பார்த்துவிட்டு நடந்த எனக்காக. இந்த மாநிலத்தில் விமான நிலையத்தை எதிர்த்து விடாமல் சத்தம் போடுகிற கூட்டம் எது என்று பார்த்தால், கையில் போர்டிங் பாஸ் இல்லாத அந்தக் கூட்டம்தான். அவர்களிடம் போய் யாராவது சொல்லுங்களேன், இது ஏர்போர்ட் என்று.

ராத்திரி இரண்டு மணிக்கு இறங்கினோம். பெல்ட் சுற்றிக்கொண்டிருந்தது. போனில் கேள்வி வந்தது: உங்கள் பயணம் எப்படி இருந்தது, ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம்? என் பெட்டி மூன்றாவதாகவே வந்துவிட்ட குஷியில் நான்கு போட்டேன்.

நிமிர்ந்தால் அண்ணாச்சி நிற்கிறார். இன்னும் அறுபது கிலோமீட்டர் போக வேண்டுமாம், டாக்சி பிடித்து.

"தம்பி, இதுக்கு எங்கயாவது எழுதிப் போட முடியுமா? எனக்கு இங்கிலீஷ் வராது. நீங்க எழுதுனா நான் கையெழுத்துப் போடுதேன்."

"விடுங்க அண்ணாச்சி. ஒண்ணும் நடக்காது. இது எப்பவும் இப்படித்தான்."

அவர் என் பையில் தொங்கிய தங்கநிறத் துண்டு அட்டையைப் பார்த்தார்.

"வாரா வாரம் போறவுகளோ?"

"ஆமா."

"அதான் பார்த்தேன்" என்று சொல்லிவிட்டு, ரெக்சின் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார்.